தமக்கையார் தொட மறுத்த தாலி

எங்கள் தமக்கையார் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர்களின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் இளையவனாகிய என்னிடம் ஒப்படைத்துள்ளனர். பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், செய்த தருமம் ஆகியவற்றை இத்தகைய நினைவு மலரில் எழுதுவது மரபு. காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் எழுதுவது மரபன்று. "அத மட்டும் வுட்டுடலாமே" என்று நெருங்கிய உறவினர் இருவர் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டனர். நான் விடுவதாக இல்லை. நம் உறவில் அதைப் பேசாதவர் ஒருவரும் இல்லை. பதினாறாம் நாள் பந்தியில் இலை போட்ட இடத்திலேயே பேசினார்கள். எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு சாட்சியை மாற்றினார் என்றார் ஒருவர். புத்தி தடுமாறிப் போயிருந்தது, பாவம் என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மையன்று. நடந்தவற்றுள் பெரும்பகுதியை அருகிருந்து கண்டவன் என்ற முறையில், அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

தமக்கையார் பிறந்தது மணலூர்பேட்டை. தந்தையார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பிள்ளைகள் மூவரில் தமக்கையாரே மூத்தவர். எட்டாம் வகுப்போடு அவர்களின் படிப்பு நின்றது. வறுமையால் நின்றதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது தவறு. வயதுக்கு வந்த பெண்ணை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்பது அன்று எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் சிக்கனம் இருந்தது; வறுமை இருந்ததில்லை.

அவர்களின் இயல்பைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். எனக்குப் பெண் பார்க்கச் சென்ற குடும்பத்தாருடன் தமக்கையாரும் சென்றிருந்தார்கள். திரும்பி வந்ததும் தாயார் ஆவலாகக் கேட்டார்கள்: "பொண்ணு இன்னா மாதிரி இருக்குது?"

"மொகத்தப் பாக்கலம்மா. கடைசி வரைக்கும் தலயக் குனிஞ்சிக்கினே இருந்துச்சு."

"அப்ப இன்னாத்தத்தான் பாத்துட்டு வந்த?"

"கையப் பாத்தேன். வேல செஞ்ச கை. காப்பி டம்ளர் ஆடாம வெச்சது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

மற்ற பெண்கள் அனைவரும் பெண்ணின் நிறத்தையும் மூக்கையும் விரித்துரைத்துக்கொண்டிருந்தனர். என் துணைவியார் இன்றளவும் இதைச் சொல்லிச் சிரிப்பார். பார்த்ததைப் பார்த்தேன் என்பதும், பாராததைப் பார்க்கவில்லை என்பதும் தமக்கையாருக்கு மூச்சுவிடுவது போன்ற பழக்கம். பிற்காலத்தில் இப்பழக்கம் எங்களை எங்கெல்லாம் கொண்டு நிறுத்தும் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

கள்ளக்குறிச்சியை அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள். மாமா அவர்கள் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் பணிபுரிந்தவர். கரும்பு வண்டிகளை நிறுத்து எடை சொல்லும் பணி. இரண்டு பிள்ளைகள் பிறந்தனர். பெண் குழந்தை நாலு வயதில் காய்ச்சலில் போயிற்று. அதைப் பற்றித் தமக்கையார் யாரிடமும் பேசியதில்லை. ஆகவே நானும் எழுதவில்லை. மகன் பழனிவேல் பொறியியல் படித்துச் சென்னையில் நல்ல பதவியில் இருக்கிறார்.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. எங்கள் தாலி ஒற்றைப் பொட்டு. அதன் இருபுறமும் தாய்வீட்டார் தரும் தங்கக் குண்டுகளைக் கோப்பார்கள். பெண்கள் அதை ரவிக்கைக்குள் விட்டிருப்பார்கள். வெளியே தெரியப் போடுவதை எங்கள் வீட்டில் நல்ல பழக்கமாகக் கருதியதில்லை. கணவரும், ஆடிப்பெருக்கன்று மஞ்சள் பூசும்போது உடனிருக்கும் பெண்களும் தவிர அதை அருகிலிருந்து கண்டவர் இருக்க மாட்டார்.

மாமா சிறுநீரகக் கோளாறால் படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. தமக்கையார் ஒரு மாலை மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த இருசக்கர வாகனத்தில் இருந்தவன் பின்கழுத்தில் தெரிந்த செயினைப் பிடித்து இழுத்தான். கீழே விழுந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஆழமான காயம். அவன் தலைக்கவசம் அணிந்திருந்தான். தாலி போயிற்று.

மறுநாள் காலை மாமா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் காயத்தின் மேல் படாமல் கட்டிவிட்டார்கள்.

"பாத்தியா, ரெண்டாங் கல்யாணம். செலவே இல்ல."

"பேச்சக் கம்மி பண்ணுங்க. மாத்திர போட்டீங்களா?"

அந்தக் கயிற்றோடுதான் மாமாவின் காலம் முடியும் வரை இருந்தார்கள்.

புகாரைப் பழனிவேல் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்தார். காவலர்கள் வீட்டுக்கு வந்து தமக்கையாரிடம் விசாரித்துப் போனார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் காவல் நிலையப் படி ஏறியதில்லை. ஏறவும் விட மாட்டோம். புகாரில் "தாலிச் செயின் ஒன்று" என்பதும் அதன் எடையும் மட்டுமே இருந்தன. தாலியின் வடிவம் என்ன என்று காவலரும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகளாகிய எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. எந்தக் காவல் நிலையம் என்று எழுத இம்மலர் இடமன்று.

சில வாரங்களில், ஆள் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்த இளைஞர். மரவள்ளிக் கிழங்கு விற்கக் கீழே வந்தவரிடம், காகிதமில்லாத பழைய வண்டி ஒன்று இருந்தது. வண்டியின் நிறம் ஒத்துப்போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும், அவர் காட்டிய இடத்தில் தாலிச் செயின் கிடைத்தது என்றும் சொன்னார்கள். மறுநாள் நாளிதழில் அவருடைய முழுப் பெயரும் ஊரும் புகைப்படமும் "தாலி பறித்த திருடன்" என்ற தலைப்பில் வெளியாயின. எங்கள் வீட்டில் அந்த நாளிதழைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். நிம்மதியாகவும் இருந்தது.

பின்னர், சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. ஒத்த தோற்றமுள்ள பலரை வரிசையில் நிறுத்தி, அவர்களுள் பறித்தவர் யார் என்று பாதிக்கப்பட்டவரை நீதித்துறை நடுவர் ஒருவர் கேட்பார். காவலர் அருகில் இருக்கலாகாது. தமக்கையாரை நானே காரில் அழைத்துச் சென்று வெளியில் காத்திருந்தேன். வந்து அமர்ந்ததும் சொன்னார்கள்:

"நாலாவதா நிக்கறவர எனக்குத் தெரியும்னு சொன்னேன்டா."

"நல்லது அக்கா."

"பேப்பர்ல பாத்திருக்கேன், ரோட்டுல பாக்கலன்னும் சொன்னேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.

இதன் விளைவு என்ன என்பதை எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார். காவலரிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதப்படும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்கியிருக்கலாம் என்ற அச்சம் சட்டத்துக்கே உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் அவ்வாக்குமூலம் செல்லும். அப்பொருள் களவுபோன பொருள்தான் என்று உடையவர் சொல்லியாக வேண்டும். முகத்தை யாரும் அடையாளம் காட்டாத நிலையில், மிஞ்சியது அந்தத் தாலி ஒன்றுதான். தமக்கையார் "ஆம்" என்றால் அவ்விளைஞருக்குப் பல ஆண்டுச் சிறை. "இல்லை" என்றால் வழக்கே இல்லை.

பொருளை வந்து பார்க்கும்படி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் வழக்கப்படி தமக்கையாருக்குப் பதிலாகப் பழனிவேல் சென்றார். எடை சரியாக இருந்தது. "எங்களுடையதுதான்" என்று கையெழுத்திட்டு வந்தார். அவர்மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுள் எந்த ஆண் சென்றிருந்தாலும் அதையே செய்திருப்பார்.

"வெயிட்டு கரெக்டா இருந்துச்சுப்பா" என்று அவர் சொன்னபோது மாமா கண்ணைத் திறக்காமலே கேட்டார்கள்:

"வெயிட்டு சரி. பொருளு?"

"அதான் வெயிட்டு..."

"நான் எத்தினி வருஷம் மேடையில நின்னேன். கரும்பும் வெயிட்டுதான், மேல ஒட்டிக்கினு இருக்கற காஞ்ச சோகையும் வெயிட்டுதான். ஒங்கம்மா பாக்கட்டும்."

தமக்கையார் பார்ப்பதற்கு முன்பே மாமா காலமானார்கள். மஞ்சள் கயிற்றையும் கழற்றியாயிற்று. அதன்பின் வழக்கை நாங்கள் மறக்க முயன்றோம். மலை இளைஞர் சிறையிலேயே இருந்தார். அவருக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. ஜாமீன் நிற்கத்தான் ஆளில்லை. சொத்துக் காட்ட வேண்டும். மலையில் பரம்பரையாக உழுகிறவர்களிடம் நிலம் உண்டு, பட்டா இல்லை. இது எனக்குப் பிற்பாடு தெரிந்த செய்தி.

இரண்டு ஆண்டுகள் கழித்து விசாரணை தொடங்கியது. சம்மனைக் கொண்டுவந்த ஏட்டையா மரியாதையானவர். நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் பேசினார். நானும் பழனிவேலும் உடனிருந்தோம்.

"அம்மா, ஒரே வார்த்தைதான். 'ஆமாங்க, என்னுது'ன்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. நக ஒங்க கைக்கு வந்துடும்."

"பாத்துட்டுச் சொல்றேன் ஐயா."

"பாக்கத்தான் போறீங்க. பாத்தாலும் அதத்தான் சொல்லப் போறீங்க. ஒங்க பையன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க மாத்திச் சொன்னா, மொதல்ல அவரத்தான் கேப்பாங்க. கெவுருமெண்டு கம்பெனி வேலையெல்லாம் இருக்குது, யோசிச்சுக்குங்க."

அவர் போனபின் பழனிவேல் கலங்கிப்போய் நின்றார். "அம்மா, எனக்காகவாவது..." என்றவர் மேலே சொல்லவில்லை. நான் சொன்னேன். கணவனை இழந்த பெண், நாலு பேர் பார்க்கக் கூண்டில் ஏறித் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நம் குடும்பத்துக்கு அழகல்ல; எவ்வளவு விரைவில் இறங்குகிறோமோ அவ்வளவு நல்லது; மகனின் கையெழுத்துக்கு மதிப்பளித்துவிட்டு வாருங்கள் என்றேன். நான் சொன்னதை மறைக்க மாட்டேன். மாமா மறைந்தபின் குடும்பத்துக்கு மூத்த ஆண்மகனாய் நின்றவன் வேறு எதைச் சொல்வான் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

தமக்கையார் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "பாக்காத பொருளுக்கு இப்பவே இன்னா அவசரம்? என்னுதா இருந்தா என்னுதுன்னு சொல்லப்போறேன். வாங்கடா, சாப்டலாம்."

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் அன்று கூட்டம் அதிகம். குற்றம் சாட்டப்பட்டவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். புகைப்படத்தில் இருந்ததைவிட மிகவும் மெலிந்திருந்தார். அவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லாததால், அரசே இலவச சட்ட உதவியில் ஒரு பெண் வழக்கறிஞரை நியமித்திருந்தது. ஊழியர் அரக்கு முத்திரையை உடைத்து, உறையிலிருந்த தாலியை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிக் கூண்டின் விளிம்பில் வைத்தார்.

"அம்மா, கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். இது உங்களுடையதா?" என்றார் அரசு வழக்கறிஞர்.

தமக்கையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்கள். இரு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"தம்பி, இதத் திருப்பு" என்றார்கள் ஊழியரிடம்.

"நீங்களே எடுத்துப் பாருங்கம்மா."

"வேணாம்பா. காகிதத்தோட நீயே திருப்பு." ஊழியர் புரட்டிக் காட்டிய பின்புறத்தையும் குனிந்து பார்த்தார்கள்.

"எடுத்துப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டார் அரசு வழக்கறிஞர்.

"நான் தாலி அறுத்தவங்க. ஒரு சுமங்கலியோட தாலியத் தொடக் கூடாது."

நடுவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "உங்கள் தாலியை நீங்கள் தொடுவதில் என்னம்மா?"

"என்னுதா இருந்தா தொட்டிருப்பேனே ஐயா. இது வேற வூட்டுத் தாலி. ரெட்டத் தாலி. நாங்க ஒத்தப் பொட்டு கட்டறவங்க. இந்தத் தாலிக்காரிக்கு வூட்டுக்காரர் இருக்காரோ இல்லியோ, இருந்தா நல்லா இருக்கட்டும். என் கை இதுல படக் கூடாது."

வாசலருகே நின்ற பெண் காவலர் ஒருவர் எட்டித் தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, தம் தரப்புச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தார். இதைத்தான் பிறழ்சாட்சி என்று எழுதுவார்கள். அழைத்த தரப்புக்கு ஆதரவாகச் சொல்லாத சாட்சி என்பதற்கு மேல் அதில் இழிவு ஒன்றுமில்லை. தீர்ப்பிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் இதையும் அறிய வேண்டும்.

"உங்கள் மகன் இதை உங்களுடையது என்று கையெழுத்திட்டிருக்கிறாரே. அவர் பொய் சொன்னாரா?"

பழனிவேல் என் பக்கத்தில் இருந்தார். அவர் கை என் முழங்கையைப் பற்றியது.

"பொய் சொல்லலிங்க. அவனுக்குத் தெரியாது. பெத்த புள்ள அம்மா தாலிய எங்கேருந்து பாத்திருப்பான்? பால் குடிக்கச்சொல்ல புடிச்சி இழுத்திருப்பான். அது ஞாபகம் இருக்குமா? வெயிட்டு போட்டுக் காட்டினாங்க, வெயிட்டு சரின்னான்."

நீதிமன்றமே சிரித்தது. நடுவரும் உதட்டை மடக்கிக்கொண்டார். என் முழங்கையிலிருந்த பிடி தளர்ந்தது.

"உங்களுக்கு மறதி உண்டா?"

"உண்டுங்க. கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெனமும் தேடுவேன்."

"அப்படியானால் தாலியின் வடிவமும் மறந்திருக்கலாம் அல்லவா?"

"கண்ணாடி கழட்டி வெக்கறது ஐயா. தாலி அப்படியா?"

"எதிரியின் குடும்பத்தார் கொடுத்த பணத்துக்காக இப்படிச் சொல்கிறீர்கள் என்கிறேன்."

"யாரு இன்னா குடுத்தாலும் இது என் தாலி ஆயிடாதுங்க."

எதிரித் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, கேள்வி ஏதுமில்லை என்று கூறி அமர்ந்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "அக்கா, அந்த ஆள் எடுக்கலைன்னு நம்பறீங்களா?"

"அது எனக்கு எப்படிடா தெரியும்? எடுத்திருந்தாலும் எடுத்திருப்பான். எவன் எடுத்தான்னு நான் பாக்கல. இது என்னுது இல்லன்னு பாத்தேன். அத வெச்சிக்கினு இன்னாத்தச் சொல்றது?"

பின்னிருக்கையிலிருந்து பழனிவேல் சொன்னார்: "என்ன மாட்டி வுட்டுட்டன்னு நெனச்சேம்மா."

"ஒன்னக் காப்பாத்தறதுக்குத்தான் பால் குடிச்ச கதையெல்லாம் ஜட்ஜுகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. பேசாம வா."

குற்றம் ஐயமற நிறுவப்படாததால் மலை இளைஞர் விடுவிக்கப்பட்டார். ஆனால் இது மகிழ்ச்சியில் முடிந்த கதையன்று. சிறையில் கழிந்த காலத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அவருக்குப் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த வீட்டார், நாளிதழ் வந்த வாரமே மறுத்துவிட்டனர். விடுதலையைப் பற்றி எந்த நாளிதழும் எழுதவில்லை. தமக்கையாரின் தாலி கிடைக்கவே இல்லை. பறித்தவன் எவனோ, எங்கேயோ இருக்கிறான். ஒருவேளை விடுவிக்கப்பட்டவரே பறித்தவராகவும் இருக்கலாம் என்று நம் உறவினர் சிலர் இன்றும் சொல்கின்றனர். எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. தெரியாதபோது ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது சட்டம். இவ்விதியை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதன் பாரம் முழுவதும், முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மேல் இறங்கும் என்பதை அன்றுதான் கண்டேன். பணம் வாங்கினார் என்று சொன்னவர்கள் அன்று நீதிமன்றத்தில் இருந்தவர்கள் அல்லர்.

தமக்கையாரை வருத்தியது வேறொன்று. அந்த இரட்டைத் தாலி யாருடையது? எங்கிருந்தோ அது நிலையத்துக்கு வந்திருக்கிறது. எந்தக் கழுத்திலிருந்தோ போயிருக்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்க அறிவிப்புச் செய்ய முடியுமா என்று தமக்கையாரின் வேண்டுகோளின்படி நீதிமன்றத்தில் விசாரித்தேன். "உங்களுடையது அல்ல என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இதில் மனுச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை" என்று விடை வந்தது. சட்டப்படி அது சரியே. உரியவர் வராவிட்டால் அது அரசுடைமையாகும்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த பிறகும் தமக்கையாரின் பேச்சும் நினைவும் தெளிவாகவே இருந்தன. மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கோர்வையாக விடை சொன்னார்கள். புத்தி தடுமாறியது என்று சொல்வோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார்கள்:

"அந்தத் தாலிக்காரி வந்தாளா?"

"இன்னும் இல்ல அக்கா."

"அவளும் மஞ்சக் கவுறு கட்டிக்கினு எங்கியோ தேடிக்கினு இருப்பா."

ஒருநாள், தாம் போனபின் மலர் போடுவோமா என்று கேட்டார்கள். நம் குடும்பத்தில் போடாமல் இருப்பார்களா என்றேன். "எத்தினி ஊருக்குப் போவும்?" என்றார்கள். மணலூர்பேட்டை, களமருதூர், கள்ளக்குறிச்சி, மலை அடிவாரம் வரை போகும் என்றேன். அன்று அவர்கள் சொன்ன ஒன்றை இக்கட்டுரையின் முடிவில் நிறைவேற்றுகிறேன்.

ஒரு விடியற்காலையில், பழனிவேல் அருகிருக்க, அமைதியாகக் காலமானார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, வாசலுக்கு வெளியே சாமை அரிசிப் பையோடு ஒருவர் நின்றார். மலை இளைஞர். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "கழுத்துல காதுல இருக்கறதப் பத்திரமாப் பாத்துக்கங்கடி." அவர் காதில் விழும்படியே சொல்லப்பட்டது. பழனிவேல் எழுந்து போனார். பையை வாங்கி உள்ளே கொடுத்தார். அவரை அழைத்துவந்து பந்தியில் தம் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நன்றி கூற வேண்டியவர்கள் பலர். பக்கவாதம் கண்ட நாளிலிருந்து காலையும் மாலையும் வந்து உடம்பு துடைத்து, புண் வராமல் காத்த அண்டை வீட்டுச் செவிலியர் ஸ்டெல்லா அம்மையாருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த ஆலைத் தொழிலாளர் நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர் அனைவருக்கும் நன்றி.

சாமை அரிசி கொண்டுவந்தவரின் பெயரையும் இங்கே அச்சிட எண்ணித் தொலைபேசியில் ஒப்புதல் கேட்டேன்.

"வேணாங்க சார். என் பேரு ஒருக்கா அச்சுல வந்ததே போதும்."

அவர் விருப்பப்படி பெயரை விடுத்து நன்றி கூறுகிறேன்.

இனி, தமக்கையார் சொன்னது. இம்மலர் சென்று சேரும் வீடுகளில், அண்டை அயலில், தாலி பறிகொடுத்த பெண்கள் எவரேனும் இருப்பின் அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நீதிமன்றத்தில் இருப்பது இரட்டைத் தாலி. நடுவில் இரண்டு பவழம். பக்கத்துக்கு ஒரு காசு. செயின் முறுக்குச் செயின். தம்முடையது என்று கருதுபவர் எங்கள் வீட்டுக்கு வரலாம். எந்த நாளாயினும் நானோ பழனிவேலோ நீதிமன்றத்துக்கு உடன் வருவோம்.

அத்தாலியின் பின்புறத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதை இங்கே எழுதவில்லை. "எல்லாத்தையும் எழுதிப்புடாதடா" என்றார்கள் தமக்கையார், ஒரு பக்கம் மட்டுமே அசைந்த வாயால். "பின்னால இருக்கறத வுட்டுடு. அவ வந்து சொல்லட்டும்."

வருகிறவர் சொல்வதற்காக அந்த ஓர் அடையாளத்தைக் காத்து வைத்திருக்கிறோம்.